டேட்டாபேஸ் டெஸ்ட்டை மெமரியில் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றங்களை உறுதிசெய்யும் படி) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் டபிள்யூ.ஏ.எல். (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும்) பதிவை டிஸ்க்கில் எழுதி, அது உறுதியாகப் பதிந்த பிறகே பதில் தரும். டெஸ்ட்டில் நமக்குத் தேவைப்படாத காத்திருப்பு இது. இதைத் தவிர்க்கப் போய் டேட்டாபேஸையே மாற்றிவிடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு.

புரொடக்‌ஷனில் போஸ்ட்கிரெஸ், டெஸ்ட்டில் மெமரியில் ஓடும் எஸ்கியூலைட் (சிறிய டேட்டாபேஸ்) என்று வைத்துக்கொள்வோம். பத்து எழுத்து வரையே அனுமதிக்கும் வார்கார் நெடுவரிசையில் பதினான்கு எழுத்துப் பெயரைப் போட்டால் எஸ்கியூலைட் அப்படியே ஏற்றுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்தும். ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றைச் சரியாகச் சுட்டுகிறதா என்ற) சோதனையும் எஸ்கியூலைட்டில் இயல்பாக அணைந்தே இருக்கும், கனெக்‌ஷன்தோறும் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை கொடுத்து இயக்க வேண்டும். டெஸ்ட் பச்சை காட்டும், பிழை புரொடக்‌ஷனில் வெடிக்கும்.

எஸ்கியூலைட்தான் உங்கள் உண்மையான டேட்டாபேஸ் என்றால் மெமரி முறை நல்லதே. ஆனால் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனித்தனி காலி டேட்டாபேஸ் கிடைக்கும். கனெக்‌ஷன்களைத் திறந்து வைத்துப் பகிரும் பூல் இரண்டாவது கனெக்‌ஷனைத் திறந்ததும் 'டேபிள் இல்லை' என்று பிழை வந்தால் காரணம் இதுதான். பூல் அளவை ஒன்றாக்குங்கள்.

மைஎஸ்கியூஎல்லின் மெமரி எஞ்சினையும் தவிர்த்துவிடுங்கள்: அதில் டிரான்ஸாக்‌ஷன் இல்லை, ரோல்பேக் (மாற்றங்களைத் திரும்பப் பெறுதல்) வேலை செய்யாது.

சரியான வழி, அதே போஸ்ட்கிரெஸை டாக்கர் கண்டெய்னரில் (தனித்த ஓட்டச் சூழல்) ஓட்டி, டேட்டா அடைவை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் (மெமரியிலேயே இருக்கும் கோப்பு முறைமை) மவுன்ட் செய்வது. அதிகாரப்பூர்வ டாக்கர் இமேஜில் போஸ்ட்கிரெஸ் பதிப்பு 17 வரை மவுன்ட் செய்ய வேண்டியது 'டேட்டா' என்ற அடைவு. 18 முதல் அதற்கு ஒரு படி மேலே உள்ள அடைவு. பழைய பாதையையே கொடுத்தால் டேட்டா மெமரிக்குப் போகாது.

அளவிலும் சறுக்குவார்கள். 256 எம்பி ஒதுக்கிவிட்டு டபிள்யூ.ஏ.எல்.லை மறந்துவிடுவார்கள். மேக்ஸ் வால் சைஸ் என்ற அமைப்பு அதற்கு வைக்கும் இயல்பான தோராய வரம்பு 1 ஜிபி. அதைத் தொடும் முன்பே இடம் தீர்ந்து சர்வர் விழும். மேக்ஸ் வால் சைஸை 128 எம்பி ஆக்கி, 512 எம்பி ஒதுக்குங்கள். இந்த இடமும் கண்டெய்னரின் மெமரி வரம்பில்தான் கழியும்.

டிஎம்பிஎஃப்எஸ் வாய்ப்பில்லையா? டிஸ்க்கில் பத்திரமாக எழுதுவதற்கான எஃப்சிங்க், சிங்க்ரனஸ் கமிட், ஃபுல் பேஜ் ரைட்ஸ் என்ற மூன்று அமைப்புகளையும் அணைத்தாலே வேகம் நன்றாகக் கூடும். சர்வரைத் தொடங்கும் கட்டளையில் மட்டும் கொடுங்கள், பொதுக் கான்ஃபிக் கோப்பில் ஒருபோதும் வேண்டாம். எஃப்சிங்க் அணைந்த நிலையில் மின்சாரம் போனால் டேட்டா மீட்க முடியாதபடி கெடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மெதுவாக இருந்தால், டெஸ்ட்தோறும் மைக்ரேஷன் (டேபிள்களை உருவாக்கும், மாற்றும் கட்டளைகள்) ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு முறை ஓட்டி, அந்த டேட்டாபேஸை டெம்ப்ளேட்டாக வைத்து நகல் எடுங்கள். நகலெடுக்கும் நேரத்தில் டெம்ப்ளேட்டில் ஒரு கனெக்‌ஷன் திறந்திருந்தாலும் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். மைக்ரேஷன் முடிந்ததும் அதன் கனெக்‌ஷனை மூடிவிடுங்கள்.