கிங் காங் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

கிங் காங் படங்களை வெளியான ஆண்டு வரிசையில் பார்த்தால் விரைவிலேயே குழப்பம் வந்துவிடும். ஒரு படத்தின் முடிவில் செத்து விழுந்த குரங்கு, பின்னால் வரும் இன்னொரு படத்தில் எந்த விளக்கமும் இல்லாமல் பல மடங்கு உயரத்தில் எழுந்து நிற்கும். இவை ஒரே கதையின் பாகங்கள் அல்ல என்பதே இதற்குக் காரணம். கதை பலமுறை புதிதாகத் தொடங்கப்பட்டிருக்கிறது; அவற்றுள் சிலவற்றுக்கு மட்டுமே தொடர்ச்சி உண்டு. ஆகவே எந்தப் படம் எதன் தொடர்ச்சி என்று அறிந்து, கிளை கிளையாகப் பார்ப்பதே நல்லது.

எந்தக் கிளையைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் 1933இல் வந்த மூலப்படத்தைப் பார்த்துவிடுங்கள். 1938இல் அது மீண்டும் திரையிடப்பட்டபோது, தணிக்கை விதிகளுக்காகச் சில காட்சிகள் வெட்டப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பிறகே அவை மீண்டும் சேர்க்கப்பட்டன. நியூயார்க்கில் காங் ஜன்னல் வழியே தவறான பெண்ணை வெளியே எடுத்து, அவள் தான் தேடியவள் அல்ல என்று கண்டதும் கீழே போட்டுவிடும் காட்சி இருந்தால், உங்களிடம் இருப்பது வெட்டப்படாத பிரதி என்று கொள்ளலாம். பார்க்கும்போது காங்கின் ரோமத்தையும் கவனியுங்கள். படத்தின் தந்திரக் காட்சிகளை உருவாக்கிய வில்லிஸ் ஓ'பிரையனின் குழு சுமார் 18 அங்குல உயரமுள்ள பொம்மையை ஒவ்வொரு பிரேமுக்கும் கையால் சற்றே நகர்த்திப் படமெடுத்தது. அப்போது விரல்கள் பட்ட இடங்களில் முடி கலைந்ததால், திரையில் ரோமம் ஓயாமல் சிலிர்ப்பதுபோல் தெரிகிறது. டைனோசருடன் நடக்கும் சண்டையின் முடிவில், எதிரியின் தாடையைப் பிளந்துவிட்ட காங், அது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று அந்தத் தாடையைத் தூக்கி ஆட்டிப் பார்க்கும். பிற்காலக் கணினி வரைகலை எவ்வளவோ முன்னேறியும், ஒரு மிருகத்தின் குணத்தை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய இடங்கள் குறைவு என்பது என் எண்ணம்.

இதன் நேரடித் தொடர்ச்சியான 'சன் ஆஃப் காங்' அதே ஆண்டு இறுதியிலேயே அவசரமாக வெளியானது. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதால், நேரம் இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் நட்டமில்லை. குழந்தைகளுடன் பார்ப்பவர்கள் அதற்குப் பதிலாக, ஏறத்தாழ அதே குழுவினர் 1949இல் எடுத்த 'மைட்டி ஜோ யங்' படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் குரங்கு சாவதில்லை.

ஜப்பானின் டோஹோ நிறுவனம் 1962இல் காங்கைத் தன் ராட்சத ஊர்வன மிருகமான காட்ஸில்லாவுடன் மோதவிட்டது. இதன் ஜப்பானியப் பிரதியைத் தேடிப் பார்ப்பது அவசியம். தொலைக்காட்சி விளம்பர மோகத்தைக் கேலி செய்யும் அதன் நகைச்சுவையின் பெரும்பகுதி, செய்தி வாசிப்பாளர் காட்சிகளைச் செருகிய அமெரிக்கப் பிரதியில் காணாமல் போய்விட்டது. இரு நாட்டுப் பிரதிகளிலும் வெவ்வேறு மிருகம் வெல்வதாக நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது வெறும் வதந்தி. அதே நிறுவனத்தின் 1967ஆம் ஆண்டுப் படம், இயந்திரக் காங்கைக் கொண்ட தனிக்கதை.

1976ஆம் ஆண்டு மறு ஆக்கத்தில் காங் ஏறுவது எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் அல்ல, உலக வர்த்தக மையத்தில். அதன் தொடர்ச்சி 1986இல் வந்தது. அங்கிருந்து விழுந்த காங்குக்குச் செயற்கை இதயம் பொருத்துவதில் தொடங்கும் அந்தக் கதையைத் தாராளமாகத் தவிர்க்கலாம். பீட்டர் ஜாக்சனின் 2005ஆம் ஆண்டுப் படத்துக்குத் தொடர்ச்சி கிடையாது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுவதால், அதற்கென ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வரிசை உண்மையிலேயே முக்கியமாவது, 2017இல் 'காங்: ஸ்கல் ஐலண்ட்' மூலம் காங் நுழைந்த கிளையில்தான். 1973இல் நடக்கும் அந்தக் கதையில் காங்கின் உயரம் 104 அடி. அது இன்னும் வளர்கிறது என்று ஒரு வசனம் வரும். அதைக் கேட்டிருந்தால்தான் 2021ஆம் ஆண்டுப் படத்தில் 337 அடியாக நிற்கும் காங்கைக் கண்டு திகைக்க மாட்டீர்கள். இடையில் 2014, 2019ஆம் ஆண்டுகளின் காட்ஸில்லா படங்களையும் பார்த்துவிட்டு, 2021க்கும் பின்னர் 2024க்கும் செல்லுங்கள். 2017ஆம் ஆண்டுப் படத்தில் பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டாம். காட்ஸில்லாவின் குகை ஓவியம் அதற்குப் பிறகே வருகிறது.