பேஸ்பால் அணிக்கு பேட்டிங் ஆர்டர் போடுவது எப்படி? புதிய ரசிகர்களுக்கான செய்முறை

ஒரே அணியின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்த வாக்குவாதம் வந்தே தீரும்: யார் முதலில் இறங்க வேண்டும், யாரை நான்காவதாக வைக்க வேண்டும்? பேஸ்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் இதில் வாய் திறக்கத் தயங்குவார்கள். தயங்கவே வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, உங்கள் அணியின் இந்த சீசன் புள்ளிவிவரம் இருந்தால் போதும், நீங்களும் ஓர் ஆர்டர் போட்டு அதற்காக வாதாடலாம்.

படி 1: எதை மாற்ற முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தபின் அடுத்து யாரை அனுப்புவது என்று கேப்டன் அப்போதைக்கு அப்போது முடிவு செய்யலாம். பேஸ்பாலில் அது நடக்காது. ஆட்டம் தொடங்கும் முன்பே ஒன்பது பேரின் வரிசை எழுதிய அட்டை அம்பயர் கைக்குப் போய்விடும். ஒன்பதாவது ஆள் முடித்ததும் மறுபடி முதல் ஆள். ஓர் இன்னிங்ஸ் ஆறாவது ஆளோடு முடிந்தால், அடுத்த இன்னிங்ஸ் ஏழாவது ஆளோடு தொடங்கும். மாற்று வீரரை இறக்கலாம், ஆனால் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைப் போட்டியான எம்.எல்.பி.யில் வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது.

பந்து வீசும் பிட்சரும் பேட் பிடித்த காலம் ஒன்று இருந்தது. எம்.எல்.பி.யின் இரண்டு லீக்கில் ஒன்றான அமெரிக்கன் லீக், 1973லேயே அவருக்குப் பதிலாக பேட் மட்டும் பிடிக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டரைக் கொண்டுவந்தது. 2022 முதல் இரண்டு லீக்கிலும் அதுவே நிரந்தர விதி. அதனால் 'பிட்சரை எந்த இடத்தில் ஒளித்து வைப்பது' என்ற தலைவலி இன்று உங்களுக்கு இல்லை.

படி 2: பேட்டிங் சராசரியை ஓரமாக வையுங்கள்

இன்னிங்ஸுக்கு மூன்று வீதம், ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸில் 27 அவுட்கள்தான் மூலதனம். அவற்றை வீணாக்காதவர் யார் என்று பேட்டிங் சராசரி முழுதாகச் சொல்லாது, ஏனென்றால் அது ஹிட்டை, அதாவது பந்தை அடித்துப் பேஸ் சேர்வதை மட்டுமே எண்ணும்; வாக், அதாவது பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசியதால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது, அதில் கணக்கில் வராது. நீங்கள் பார்க்க வேண்டியது ஆன் பேஸ் விகிதம், அதாவது ஓ.பி.பி. ஹிட், வாக், உடம்பில் பந்து பட்டுப் பேஸுக்குப் போவது, மூன்றும் அதில் அடங்கும். எம்.எல்.பி.யில் சமீப ஆண்டுகளில் .310, .320 என்ற அளவுதான் சராசரி, அதாவது நூறு முறைக்கு 31, 32 முறை பேஸ் சேர்வது. .360 எடுப்பவர் கிடைத்தால் பொக்கிஷம்.

ஓர் உதாரணம். ஒருவரின் சராசரி .290, ஓ.பி.பி. .310. இன்னொருவரின் சராசரி .250, ஆனால் ஓ.பி.பி. .360. பார்த்தவுடன் முதலாமவரே நல்ல பேட்டர் என்று தோன்றும். 600 முறை பேட் பிடித்தால் இரண்டாமவர் 30 அவுட் குறைவாகக் கொடுப்பார். ஒரு முழு ஆட்டத்தின் அவுட்களைவிட அது அதிகம்!

இதோடு ஸ்லக்கிங் விகிதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை பேஸா, ஹோம் ரன்னா என்று அடியின் பலத்தைக் காட்டுவது அதுதான்.

படி 3: மேலே இருப்பவருக்கு வாய்ப்பு அதிகம்

ஓர் ஆட்டத்தின் கடைசி அவுட் ஒன்பது இடங்களில் எந்த இடத்திலும் விழலாம். ஆகவே வரிசையில் ஓர் இடம் கீழே இறங்கினால், சராசரியாக ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு வாய்ப்பு குறையும். 162 ஆட்டங்கள் உள்ள சீசனில் அது 18 வாய்ப்பு. முதல் இடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடையே ஏறக்குறைய 140 வாய்ப்பு வித்தியாசம். உங்கள் அணியின் சிறந்த மூவரை ஐந்தாவது, ஆறாவது இடங்களில் வைக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

படி 4: முதல் நான்கு இடங்கள்

முதல் இடத்துக்கு வேகமாக ஓடுபவர்தான் வேண்டும் என்பார்கள். ரிக்கி ஹென்டர்சனை உதாரணம் காட்டுவார்கள். 1406 பேஸ் திருடியவர் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதுதான் திருடுவது, அதாவது ஸ்டீல்), மறுக்க முடியுமா? ஆனால் அதே ஹென்டர்சன் வாங்கிய வாக் 2190, வாழ்நாள் ஓ.பி.பி. .401. பேஸில் போய் நின்றால்தானே அடுத்த பேஸைத் திருட முடியும்? 2023இல் பிலடெல்பியா பில்லீஸ் அணி கைல் ஷ்வார்பரை முதல் ஆளாக இறக்கியது. சராசரி வெறும் .197, ஓட்டத்திலும் வேகம் கிடையாது. ஆனால் 126 வாக், 47 ஹோம் ரன், ஓ.பி.பி. .343. அந்த முடிவு சரி என்பதே என் கட்சி.

அடுத்து மூன்றாவது இடம். வழக்கமாக அணியின் சிறந்த பேட்டரை அங்கேதான் வைப்பார்கள். 1929இல் நியூயார்க் யாங்கீஸ் பேட்டிங் வரிசைப்படி சட்டை எண் கொடுத்தபோது பேப் ரூத்துக்கு 3, லூ கெரிக்குக்கு 4 கிடைத்தது அப்படித்தான். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் இருவரின் ஓ.பி.பி. .340 என்றால், இருவரும் அவுட் ஆகும் வாய்ப்பு .66 × .66, அதாவது சுமார் 44 சதவீதம். அத்தனை ஆட்டங்களில் உங்கள் மூன்றாவது ஆள் முதல் இன்னிங்ஸில் இரண்டு அவுட், காலி பேஸ் என்ற நிலையில்தான் வந்து நிற்பார்.

நான்காவது ஆளின் கதை வேறு. அவர் முதல் இன்னிங்ஸில் இறங்கினார் என்றாலே, முன்னால் போன மூவரில் ஒருவராவது பேஸில் நிற்கிறார், அல்லது ரன் எடுத்து முடித்திருக்கிறார் என்று அர்த்தம். ஆகவே அணியிலேயே பலமாக அடிப்பவர் அங்கே.

சரி, மிகச் சிறந்தவரை எங்கே வைப்பது? இரண்டாவது இடத்தில் என்பேன். மூன்றாமவரைவிட வாய்ப்பு அதிகம், முதலாமவரைவிட ஆள் நிற்கும் பேஸ் அதிகம். முதல் ஆளை பன்ட் அடித்து, அதாவது பந்தை மெல்லத் தட்டித் தான் அவுட் ஆகி, அடுத்த பேஸுக்கு நகர்த்துவதற்காக ஒரு சாதுவான பேட்டரை அங்கே வைக்கும் பழைய வழக்கம் ஓர் அவுட்டைத் தானமாகக் கொடுப்பதுதான். 2024இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் ஷோஹெய் ஓட்டானியை முதலில் இரண்டாவதாகத்தான் இறக்கியது. ஜூனில் மூக்கி பெட்ஸின் கை முறிந்ததும் அவரை முதல் இடத்துக்கு ஏற்றியது. அந்த சீசனில் ஓட்டானி 54 ஹோம் ரன், 59 ஸ்டீல். ஒன்றோ இரண்டோ, மேலே இருக்க வேண்டியவர் மேலே இருந்தார்.

படி 5: மீதி ஐந்து பேர்

இங்கே அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திறமைப்படி இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒன்பதாவது இடத்துக்கு மட்டும் ஒரு யோசனை: கடைசி இருவரில் ஓ.பி.பி. கொஞ்சம் கூடுதலாக உள்ளவரை, வேகமும் இருந்தால் இன்னும் நல்லது, அங்கே வையுங்கள். அவருக்கு அடுத்து வருவது உங்கள் சிறந்த பேட்டர்கள்தான்.

படி 6: இடது, வலது

பொதுவாக இடக்கை பேட்டர்களுக்கு இடக்கை பிட்சர்கள் தொந்தரவு. மூன்று இடக்கை பேட்டர்களை வரிசையாக வைத்தால், எட்டாவது இன்னிங்ஸில் எதிரணி ஓர் இடக்கை ரிலீவரை, அதாவது ஆட்டத்தின் இடையில் வரும் மாற்று பிட்சரை, கொண்டுவந்து மூவரையும் அடக்கப் பார்க்கும். 2020 முதல் உள்ள விதிப்படி, ஒரு ரிலீவர் குறைந்தது மூன்று பேருக்காவது வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். இடையில் ஒரு வலக்கை பேட்டரை நுழைத்தால் எதிரணி மேனேஜர் யோசிப்பார். தரம் ஏறக்குறைய சமமாக இருக்கும் இருவரை மட்டுமே இதற்காக இடம் மாற்றுங்கள்.

படி 7: இனி வாதாடுங்கள்

வலக்கை பிட்சருக்கு ஒன்று, இடக்கை பிட்சருக்கு ஒன்று என இரண்டு ஆர்டர் கையில் வைத்திருங்கள். 'நேற்று மூன்று ஹிட் அடித்தாரே, அவரை மேலே ஏற்று' என்று யாராவது சொன்னால், இந்த சீசனில் அவருடைய ஓ.பி.பி. எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு நியாயமான ஆர்டர்களுக்கு இடையே ஒரு சீசனில் சில ரன்கள்தான் வித்தியாசம் வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். நட்பை முறித்துக்கொள்ளும் அளவு விஷயம் இல்லை இது.

அப்புறம், மேனேஜர் அன்றைய ஆர்டரை அறிவித்ததும் உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். வேறுபடும் இடத்தில் காயமா, ஓய்வா, எதிரே இடக்கை பிட்சரா என்று முதலில் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால், அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பியுங்கள்.