எய்ததும் கடகடத்த அம்பறாத்தூணி

முதுகுத் தூணியில் பிராட்ஹெட் எனும் அகன்ற வேட்டை அம்பு முனைகள் ஒன்றோடொன்று உரசிக் கூர் மழுங்கும். குனிந்தால் அம்பு நழுவும். அம்பெடுக்கக் கை தோளுக்கு மேல் போனாலே வெள்ளைவால் மான் கண்டுகொள்ளும். அதனால் அமெரிக்கக் காடுகளில் நுனிகள் வெளிப்புறம் வளைந்த ரிகர்வ் வில்லோடு கட்டும் நான்கு அம்புத் தூணிதான் என் தேர்வு.

ஆனால் எய்ததும் கடகடத்தது. தூணியில் அம்பைப் பற்றும் ரப்பர் பிடி 11/32 அங்குல மர அம்புக்கானது. 5/16 கார்பன் அம்பு அதில் தளர்வாக நின்றது. சரியான அளவில் பிடியை மாற்றினேன். தூணியை வில்லோடு கட்டும் பட்டைகளையும் வில்லின் கைப்பிடியை ஒட்டிய வளையாத பகுதிக்கு நகர்த்தினேன். இறகுகள் ஒன்றையொன்று தொடாதபடி அம்புகளைத் திருப்பி வையுங்கள், அந்த உரசலும் சத்தம்தான்.

முனைகளை முழுக்க மூடும் கிண்ணம் இல்லாத தூணியை வாங்கவே வேண்டாம், கையை அறுத்துவிடும். தூணியின் எடை வில்லை ஒரு பக்கம் சாய்க்கும், ஆகவே பயிற்சியும் அம்புகளை நிறைத்து வைத்தே செய்யுங்கள்.