பழைய பிக்கப்புக்கு ட்ரெயிலர் பெட்டி பூட்டுவது எப்படி?

வன்னியில் ஓடும் பிக்கப்புகளில் என்ஜின் நன்றாக இருக்கும்போதே பின்பெட்டி உக்கிவிடும். முல்லைத்தீவுக் கரையில் ஏற்றும் மீனும் ஐஸும், வயலுக்குக் கொண்டுபோகும் உரமும் தகட்டைத் தின்றுவிடுகின்றன. அதற்காக வாகனத்தைத் தள்ளிவிட வேண்டாம். கழித்த பிக்கப்பின் பின்பாதியை வெட்டிச் செய்த ட்ரெயிலர்கள் விலைக்கு வரும். அதிலுள்ள பெட்டியைக் கழற்றிப் பூட்டலாம்.

வாங்க முதல் அளவு நாடாவோடு போங்கள். உங்கள் வாகனத்தின் அதே மாதிரிதான் வேண்டும். கப் என்பது ஆட்கள் இருக்கும் முன்கூடு. ஒரு வரிசை இருக்கையுள்ள சிங்கிள் கப்பின் பெட்டி நீளம், இரண்டு வரிசையுள்ள டபுள் கப்பின் பெட்டி கட்டை, ஒன்றுக்கொன்று பொருந்தாது. பெட்டிக்கு அடியில் குறுக்காக ஓடும் சட்டங்களில் உள்ள போல்ற் துளைகளின் இடைவெளியை அளந்து உங்கள் வாகனத்தின் சேசிஸோடு (அடிச்சட்டத்தோடு) ஒப்பிடுங்கள். ட்ரெயிலர் செய்தவர் அந்தச் சட்டங்களை வெட்டியோ வெல்ட் செய்தோ இருப்பார். குனிந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) இழுக்கும் பெட்டி இதற்குச் சரிவராது, பாரம் அதிகம். ட்ரெயிலருக்குத் தனிப் பதிவு உண்டு, பத்திரங்களையும் கேட்டு வாங்குங்கள். வேறு வடிவப் பெட்டி என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள்.

கழற்றும் நாளில் டாங்கியில் எரிபொருள் குறைவாக இருக்கட்டும். பற்றறியின் நெகற்றிவ் வயரை எடுங்கள். பின் லைற் வயர்களையும், எரிபொருள் ஊற்றும் குழாயைப் பெட்டியோடு பிடித்திருக்கும் திருகாணிகளையும் கழற்றி, குழாய் வாயைத் துணியால் அடையுங்கள். கறள் பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். அசையாத நட்டை கிறைண்டரால் வெட்ட வேண்டாம். பக்கத்திலேயே டாங்கி இருக்கிறது, பொறி பறக்கும். இரும்பு அறுக்கும் வாளே போதும். அப்புறம் நாலு மூலைக்கும் ஆள் நின்று நேராக மேலே தூக்கிப் பின்னால் எடுங்கள். தூக்கும்போது அடியில் ஒருவரும் இருக்கக்கூடாது.

இப்போது சேசிஸ் முழுதாகத் தெரியும். இந்த வேலையில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். பெட்டி மாற்றும் அவசரத்தில் பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் தரும், உக்கியது மந்தமாக ஒலித்துச் செதில் செதிலாக உதிரும். உக்கியிருந்தால் புதுப்பெட்டி வைத்துப் பயனில்லை, முதலில் கராச்சில் காட்டுங்கள். பிரேக் குழாய்களையும் எரிபொருள் ஹோஸ்களையும் பாருங்கள். வெடித்த ஹோஸை இப்போது மாற்றுவது சுகம், பெட்டி ஏறிய பிறகு கை போகாது. கம்பித் தூரிகையால் தேய்த்து, றெட் ஒக்சைட் (கறள் தடுக்கும் அடிப்பூச்சு) பூசி, அது காய்ந்த பின் மேல் பெயின்ற் அடியுங்கள்.

பழைய ரப்பர் கட்டைகள் நசிந்திருந்தால் புதியவை போட்டுப் பெட்டியை இறக்குங்கள். எல்லாப் போல்ற்றையும் முதலில் கையால் கொஞ்சம் பிடிக்க வைத்து, கப்புக்கும் பெட்டிக்கும் இடைவெளி இரு பக்கமும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். துளை பொருந்தாவிட்டால் சேசிஸில் துளைக்காதீர்கள். பெட்டியைத் திரும்பக் கழற்றி எடுத்து, வாகனத்துக்குத் தூரமாக வைத்து, அதன் சட்டத்திலேயே தகடு வெல்ட் செய்யுங்கள்.

எரிபொருள் குழாயைத் திரும்பப் பூட்டி, லைற் வயர்களைக் கொடுத்து, எர்த் வயரைச் சுரண்டிய வெறும் இரும்பில் பூட்டுங்கள். கடைசியாகப் பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கொடுங்கள். சிக்னல் போடும்போது மற்ற லைற்றும் சேர்ந்து மங்கினால் எர்த் சரியில்லை. பிறகு பாரம் ஏற்றி, ரயர் எங்கும் உரசுகிறதா என்று பாருங்கள். கிரவல் ஒழுங்கையில் ஒருமுறை நெல் ஏற்றி இறக்கிய பின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள்.