ப்ளூ ரே வாங்கமுன் வீட்டு ரீவியை அளந்து பாருங்கள்

டிவிடியில் படம் 720க்கு 576 புள்ளி, அதற்குப் பின் வந்த ப்ளூ ரே தட்டில் 1920க்கு 1080. கணக்கில் ஐந்து மடங்கு. கூடக் காசு குடுக்கமுன், அது உங்கள் கதிரையில் இருந்து தெரியுமா என்று பாருங்கள்.

அளவு நாடாவால் ரீவிக்கும் கதிரைக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். 32 அங்குல ரீவியை 8 அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால் நல்ல டிவிடியும் ப்ளூ ரேயும் ஏறக்குறைய ஒன்றுதான். 43 அங்குலத்துக்கு எல்லை பத்தரை அடி, 55க்கு 13 அடி. ரீவி உள்ளே ஓட, விறாந்தையில் இருந்து பார்க்கிற வீட்டுக்கு ப்ளூ ரே தேவையே இல்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைத்தாலும் பயனில்லை, படம் டிவிடி தரத்துக்கு இறங்கிவிடும். எச்டிஎம்ஐ வயர் கட்டாயம்.

மழைக் காட்சியில் படம் சதுரம் சதுரமாக உடைகிறதா? அது டிவிடியின் குற்றமல்ல, ஒரே தட்டில் மூன்று படத்தைத் திணித்ததன் விளைவு. சாதாரண டிவிடியின் 4.7 ஜிபியில் ஏழரை மணி நேரம் என்றால் படத்துக்கு விநாடிக்கு 1.4 மெகாபிட் தரவுதான் கிடைக்கும், தரவு குறையப் படம் உடையும். 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடியில் இரண்டரை மணிநேரப் படம் ஒன்று தனியே இருந்தால் ஏழரை மெகாபிட். முதலில் அப்படியொரு தட்டை வாங்கிப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும்.

பழைய டிவிடி பிளேயர் ப்ளூ ரேயைப் படிக்காது, அதன் சிவப்பு லேசர் அவ்வளவு நுண்ணிய பதிவுக்குப் பொருந்தாது. ப்ளூ ரே பிளேயர் டிவிடியையும் ஓட்டும். வெளிநாட்டு உறவுகளிடம் பிளேயர் கேட்கிறவர்கள் கவனம். ப்ளூ ரேக்கு நாடுகளை மூன்று வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: கனடா ஏ வலயம், இலண்டனும் பாரிசும் பி, எங்கள் பக்கம் சி. வலயம் பூட்டிய தட்டு வேறு வலயப் பிளேயரில் ஓடாது. இன்னும் நுண்ணிய படம் உள்ள 4கே ப்ளூ ரே தட்டுக்கு இந்தப் பூட்டு இல்லை. கனடாப் பிளேயரின் பின்பக்கத்தில் 100–240 வோல்ட் என்று இல்லாவிட்டால் எங்கள் 230இல் நேரே செருகாதீர்கள், எரிந்துவிடும்.

கிறவல் புழுதி படிந்தால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் போக்கிலேயே விழுந்து, பிளேயரால் திருத்த முடியாமல் போகும். ப்ளூ ரேயில் பதிவு மேற்பரப்பில் இருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது.

உண்மையில் கூடக் காசு பெறுமதியானது கலியாண வீடியோவுக்கு. 1080இல் எடுத்ததை டிவிடியில் போட்டால் 576 கோட்டுக்குச் சுருங்கும், தாலி கட்டும்போது அம்மாவின் கண்ணில் நின்ற நீரும் கூறைச் சரிகையும் மங்கிப்போகும். பிறகு மீட்க வழியில்லை. வீடியோக்காரரிடம் முற்பணம் குடுக்கும்போதே 25 ஜிபி ப்ளூ ரே கேளுங்கள். விநாடிக்கு 25 மெகாபிட்டில் இரண்டு மணிநேரம் 22.5 ஜிபி, தட்டில் அடங்கும். அதே கோப்பைப் பென் டிரைவிலும் வாங்குங்கள். டிரைவின் கோப்பு முறை ஃபாட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, முதலில் எக்ஸ்ஃபாட் ஆக மாற்றவேண்டும். மாற்றினால் உள்ளே இருப்பவை அழியும்.

தட்டைக் கையில் வாங்கியதும் கணினியில் போட்டு அளவைப் பாருங்கள். 8.5 ஜிபிக்குள் முடியும் தட்டில் ‘எச்டி’ என்று அச்சிட்டிருந்தாலும் அது பெரும்பாலும் டிவிடிதான். பிறகு கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டுங்கள். பதிவு உள்ளிருந்து வெளியே போவதால், பிழை விட்டால் அநேகமாக விளிம்பில்தான் விடும்.