கெர்னல் பில்ட் பாதில நின்னா முதல்ல எங்க பாக்கணும்

லினக்ஸோட மையமான கெர்னலை சோர்ஸ் கோடுல இருந்து நாமளே கம்பைல் பண்ணி பில்ட் பண்றப்போ எரர் வந்தா பசங்க எல்லாரும் ஒரே வேலையதான் செய்றாங்க, கடைசி வரிய போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டு "அண்ணா எரர் 2ன்னு வருது"ன்னு கேக்கறாங்க. அந்த எரர் 2ல தெரிஞ்சுக்க ஒண்ணுமே இல்ல. உள்ள ஒரு வேலை ஃபெயில் ஆயிடுச்சு, அதனால நிறுத்திக்கறேன்னு மேக் (பில்டை நடத்தற கமாண்ட்) சொல்றது அவ்ளோதான். உண்மையான எரர் அதுக்கு நூறு இருநூறு வரி மேல எங்கயோ கெடக்கும்.

பாலக்கோட்டுல எங்க வீட்டு மாடில ஞாயித்துக்கெழம ஆனா நாலஞ்சு காலேஜ் பசங்க வந்து உக்காந்து இதைத்தான் செய்வோம், இருக்கறது 8 ஜிபி ராம் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒண்ணு, அதுல பட்டு பட்டு கத்துகிட்டதைத்தான் எழுதறேன்.

எரர் ஏன் மேல போயிடுதுன்னா, மேக்குக்கு ஹைஃபன் ஜே 4ன்னு குடுத்தா ஒரே நேரத்துல நாலு ஃபைல் கம்பைல் ஆகுது, ஒண்ணு விழுந்தாலும் மத்த மூணும் கையில இருக்கற வேலைய முடிச்சுட்டுதான் நிக்கும், அதுங்க கொட்டற வரியெல்லாம் எரருக்கு கீழ வந்து சேந்துடும். அதனால முதல் தடவையே அவுட்புட், எரர் ரெண்டையும் சேத்து டீ கமாண்ட் வழியா ஒரு ஃபைல்ல விழற மாதிரி ஓட்டுங்க. அப்புறம் அந்த ஃபைல்ல மூணு ஸ்டார் (மேக் எரர் வரில போடற ***) முதல் தடவை எங்க வருதுன்னு தேடுங்க, முதல் தடவைங்கறது ரொம்ப முக்கியம், அதுக்கு கொஞ்சம் மேலயே விஷயம் இருக்கும். எரர்னு மட்டும் தேடினா சில சமயம் மாட்டாது, ஏன்னா கம்பைல் ஆன ஃபைலுங்களை ஒண்ணா சேக்கற லிங்க்கர் அந்த வார்த்தையே போடாம மல்டிபிள் டெஃபனிஷன், அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்னு சொல்லிட்டு போயிடும். அப்பவும் கொழப்பமா இருந்தா ஜே 1 போட்டு திரும்ப ஓட்டுங்க, ஏற்கனவே கம்பைல் ஆனத அது மறுபடி தொடாது, நேரா வந்து ஒடஞ்ச எடத்துலயே நிக்கும். கூட வி=1ன்னு சேத்தா ஜிசிசிங்கற கம்பைலரோட முழு கமாண்டும் கண்ணுல படும்.

இப்ப ஒரு சோதனை இருக்கு, எதையும் மாத்தறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. அதே மேக்கை ரெண்டு மூணு தடவை ஓட்டுங்க. ஒவ்வொரு தடவையும் அதே ஃபைல், அதே வரின்னா பிரச்சனை சோர்ஸ்லயோ, கான்ஃபிக்லயோ (கெர்னல்ல எதெல்லாம் வேணும்னு சொல்ற ஃபைல்), இல்லாத பேக்கேஜ்லயோ இருக்கு. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஃபைல்ல நின்னா சோர்ஸைத் தொடாதீங்க, மெஷினைப் பாருங்க.

பேக்கேஜ் இல்லாதது சுலபமான கேஸு. ஃப்ளெக்ஸ், பைசன், பிசி, லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ், மெனுவுல டிக் பண்ணி கான்ஃபிக் போடற மெனு கான்ஃபிக் வேணும்னா என்கர்சஸ் டெவ், பஹோல் இல்லன்னு சொன்னா ட்வார்வ்ஸ். "ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கே அண்ணா"ன்னு கேப்பாங்க, ஓடறதுக்கு வேண்டிய லைப்ரரி இருக்கும், கம்பைல் பண்ண வேண்டிய ஹெடர் ஃபைல் டெவ் பேக்கேஜ்லதான் தனியா வரும்.

உபுண்டுல பூட் ஃபோல்டர்ல இருக்கற கான்ஃபிக்கை அப்படியே காப்பி பண்ணிட்டு ஆரம்பிச்சா, டெபியன் ஃபோல்டருக்குள்ள கேனானிக்கல் செர்ட் ஃபைல் இல்லன்னு நிக்கும். அந்த கான்ஃபிக் அவங்களோட சாவி ஃபைலைத் தேடுது, நாம எறக்கின சோர்ஸ்ல அது கெடையாது. சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ் ரெண்டு வரியையும் காலி பண்ணிடுங்க, ஓடிடும்.

பழைய சோர்ஸும் புது கம்பைலரும் சேந்தா வர்ற எரர்தான் பசங்கள ரொம்ப மெரட்டுது. 2020ல வந்த ஜிசிசி 10, ஒரே குளோபல் வேரியபிளை ரெண்டு ஃபைல்ல எக்ஸ்டர்ன் போடாம டிக்ளேர் பண்றதை ஏத்துக்கறத நிறுத்திடுச்சு, அதனால பழைய கெர்னல்ல டிடிசிங்கற டூல் பில்ட் ஆகறப்போ ஒய்ஒய்லாக்னு ஒரு பேருக்கு மல்டிபிள் டெஃபனிஷன்னு விழும். 2025ல வந்த ஜிசிசி 15 டீஃபால்ட்டா சி மொழியோட புது வடிவமான சி23க்கு மாறிடுச்சு, அதுல ஃபால்ஸ், ட்ரூ எல்லாம் கீவேர்டு, பழைய கோடு அதையே ஈனம்ங்கற (enum) லிஸ்ட்ல பேரா வச்சிருக்கும், உடனே எரர். சோர்ஸ்ல கைய வைக்காதீங்க. அதே சீரிஸ்ல கடைசியா வந்த ஸ்டேபிள் ரிலீஸை எறக்கிப் பாருங்க, பல சமயம் ஃபிக்ஸ் ஏற்கனவே உள்ள வந்திருக்கும். இல்லன்னா பழைய ஜிசிசிய இன்ஸ்டால் பண்ணி சிசி (கெர்னலுக்கான கம்பைலர்), ஹோஸ்ட்சிசி (பில்டுக்கு வேண்டிய டூலுங்களுக்கான கம்பைலர்) ரெண்டுத்துக்குமே அதைக் குடுங்க. சிசி மட்டும் மாத்திட்டு சரியாகலன்னு நிப்பாங்க, டிடிசி மாதிரி டூலுங்க ஹோஸ்ட்சிசி வழியாதான் பில்ட் ஆகுது.

ஓசூர் பக்கம் வேலைக்குப் போற பசங்க விண்டோஸ் லேப்டாப்ல டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற வசதி) போட்டு சி டிரைவ்லயே சோர்ஸை விரிச்சிடறாங்க. கெர்னல்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மட்டும் வித்தியாசப்படற ஃபைலுங்க இருக்கு, விண்டோஸ் டிரைவ்ல ஒண்ணு இன்னொண்ணை அழிச்சிடும். லினக்ஸ் ஹோம் ஃபோல்டர்ல விரிங்க, ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸும் வேணாம்.

இனி மெஷின். கில்டுன்னு ஒரே வார்த்தைல சிசி1 (ஜிசிசிக்குள்ள கம்பைல் பண்ற ப்ரோக்ராம்) செத்தா ராம் பத்தல, கெர்னல் லாகைப் பாத்தா அவுட் ஆஃப் மெமரின்னு எழுதியிருக்கும். ஜே நம்பரைக் கொறைங்க, 4 ஜிபி ஸ்வாப் (ராமுக்கு பதிலா டிஸ்க்ல ஒதுக்கற எடம்) சேருங்க, டீபக் இன்ஃபோவை ஆஃப் பண்ணுங்க, டிஸ்க் எடமும் நெறைய மிச்சமாகும். ஆனா இன்டர்னல் கம்பைலர் எரர், செக்மென்டேஷன் ஃபால்ட்னு எடம் மாத்தி மாத்தி வந்தா ராமே கெட்டிருக்கலாம். ஊத்தங்கரைல இருந்து வர்ற ஒரு தம்பி பத்து நாளா ஜிசிசிய அழிச்சு அழிச்சு போட்டுகிட்டு இருந்தான், ராத்திரி பூரா ராமை சோதிக்கற மெம்டெஸ்ட் ஓட விட்டோம், காலைல பாத்தா ஸ்க்ரீன் முழுக்க செவப்புல எரர். செகண்ட் ஹேண்ட் ராம் ஸ்டிக் ஒண்ணைக் கழட்டினோம், அன்னைக்கே பில்ட் முடிஞ்சுது. அவன் பத்து நாள் தூங்காம கெடந்தத நெனச்சா இப்பவும் மனசு கேக்கல, இதெல்லாம் யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கணும்.

கிளாக் ஸ்க்யூன்னு (நேரம் ஒத்துப்போகலன்னு) வார்னிங் வந்தா வார்னிங்தானேன்னு விடாதீங்க. மதர்போர்டு பேட்டரி தீந்து தேதி பின்னாடி போயிருக்கும், மேக் ஃபைலோட நேரத்தை வச்சுதான் எதை திரும்ப கம்பைல் பண்ணணும்னு முடிவு பண்ணுது, தேதி தப்புன்னா அந்த முடிவும் தப்பு. சிஆர்2032 செல் வாட்ச் கடைலயே கெடைக்கும், மாத்திட்டு மேக் கிளீன் அடிச்சு புதுசா ஆரம்பிங்க.

கடைசியா கரண்ட். நம்ம பக்கம் ஏப்ரல் மே மாசம் மாங்கா காய்க்கற நேரத்துல சாயங்காலம் காத்தும் மழையும் சேந்து வரும், கரண்ட் போகும், யுபிஎஸ் இல்லன்னா எழுதிகிட்டு இருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைல் ஆகி வர்ற டாட் ஓ ஃபைல்) பாதியோடயோ காலியாவோ நின்னுடும். திரும்ப மேக் அடிச்சா அது முடிஞ்ச ஃபைல்னு மேக் நெனச்சுக்கும், லிங்க்கர் வந்து ஃபைல் ட்ரங்கேட்டட்னு கத்தும். சைஸ் 0 இருக்கற டாட் ஓ ஃபைலுங்களை ஃபைண்ட் கமாண்ட்ல தேடி அழிச்சுட்டு ஓட்டுங்க. அப்பவும் வந்தா மேக் கிளீன், அது கான்ஃபிக்கைத் தொடாது. மேக் எம்ஆர்ப்ராப்பர் அடிச்சா டாட் கான்ஃபிக்கும் சேந்து போயிடும், நீங்க மெனு கான்ஃபிக்ல மணிக்கணக்கா உக்காந்து டிக் பண்ணினதெல்லாம் அதுலதான் இருக்கு, அதனால அதை முதல்ல ஹோம் ஃபோல்டருக்கு ஒரு காப்பி போட்டுட்டு அப்புறம் என்டரைத் தட்டுங்க.