கன்னத்தில் தங்கிவிட்ட சூடு: ரோசேசியாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடவுக்குப் போய்விட்டு வந்தவர் "முகம் திகுதிகுன்னு எரியுது" என்றால் டெல்டா பக்கத்து வீடுகளில் ஒரே பதில்தான்: "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி." பல நேரம் அது சூடாகவே இருக்கும். ஆனால் வெயிலை விட்டு வந்து மாதக்கணக்காகியும் கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் மட்டும் விட்டுவிட்டு எரிகிறதென்றால் ரோசேசியாவாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். இது நாள்பட்ட தோல் அழற்சி, தொற்றாது. பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும். பெண்களிடம் அதிகம் கண்டறியப்படுகிறது. மூக்குத்தோல் தடித்துப் பெருப்பது மட்டும் ஆண்களிடம் அதிகம்.

முதல் தவறு, சிவப்பைத் தேடுவது. செல்போனில் தேடினால் வரும் படங்களெல்லாம் வெள்ளைத் தோல். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு கரும்பழுப்பாகவோ லேசான ஊதாவாகவோதான் தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. "கொஞ்சம் கறுத்துட்ட" என்று பார்ப்பவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அதனால் கண்ணைவிட உணர்வை நம்புவது மேல். சூடான காபி குடித்ததும் முகம் குப்பென்று சூடாகிறதா, சோப்பு பட்டால் சுள்ளென்று எரிகிறதா, அந்தச் சூடு அடங்க நேரமாகிறதா என்று கவனியுங்கள். தோல் டாக்டர் ஒரு கண்ணாடித் துண்டால் கன்னத்தை அழுத்திப் பார்ப்பார். விரிந்த ரத்தக் குழாய்களால் வந்த நிறமென்றால் அழுத்தத்தில் வெளுக்கும்.

பொரிப்பொரியாக வருவதால் முகப்பரு என்று நினைப்பவர்கள் நிறைய. பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி இருக்கும். ரோசேசியாவில் அவை இருக்காது. பருவுக்கான காரமான மருந்தைப் போட்டால் எரிச்சல் கூடும். கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், அடிக்கடி வரும் கண்கட்டி ஆகியவையும் இதே நோயால் வரலாம். கண்ணுக்கு ஒரு டாக்டர், முகத்துக்கு ஒரு டாக்டர் என்று போய், ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் சொல்லாமல் விடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கன்னச் சிவப்பெல்லாம் ரோசேசியாவும் இல்லை. மூட்டுவலி, வாய்ப்புண், முடி கொட்டுதல் ஆகியவையும் கூடவே இருந்தால் லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்) உண்டா என்று பார்க்க வேண்டும். அந்தத் தடிப்பு மூக்கோரத்து மடிப்பைப் பெரும்பாலும் தொடாது. முகத்தில் உணர்ச்சி குறைந்த படை இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும்போது ஊகத்தில் காலம் தள்ள அவசியமில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் ட்யூப். என் பார்வையில், முகத்தை வெயில் கெடுப்பதைவிட மோசமாகக் கெடுப்பது இதுதான். படைக்கு, அரிப்புக்கு, நிறம் கூட்ட என்று எந்தப் பெயரில் விற்றாலும் பலவற்றின் உள்ளே இருப்பது ஸ்டீராய்டு. முதல் வாரம் முகம் பளிச்சென்று தெளியும், அந்த வாரத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் விரியும், ரோசேசியா இல்லாதவருக்கும் அதே போன்ற முகம் வந்துவிடும். நிறுத்தினால் இரண்டு மடங்கு எரியும்; அந்தப் பயத்தில் மறுபடி அதே ட்யூபை வாங்குவார்கள். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை அட்டவணை எச் பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். கடையில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

ட்யூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் முகத்தில் உங்கள் இஷ்டத்துக்குப் பூசாதீர்கள். வருடக்கணக்கில் பூசியிருந்தால் டாக்டரிடம் ட்யூபையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். எப்படி நிறுத்துவது, இடையில் வரும் எரிச்சலுக்கு என்ன தருவது என்று அவர் பார்த்துக்கொள்வார். "எதுவும் போடல டாக்டர்" என்று சொல்வதில் நஷ்டம் நமக்குத்தான்.

எலுமிச்சைச் சாறு, கடலைமாவு தேய்ப்பு, ஆவி பிடித்தல், பார்லர் ப்ளீச் எதுவும் வேண்டாம். காபியை விட வேண்டியதில்லை, ஆற்றிக் குடித்தால் போதும். வம்பு பெரும்பாலும் சூட்டில்தான். (கும்பகோணத்தில் போய் டிகிரி காபியை ஆறவைத்துக் குடி என்று எப்படிச் சொல்வது என்பது வேறு விஷயம்.) காரம், மது, விறகடுப்பு, மனப் பதற்றம் என்று தூண்டுவது ஆளுக்கு ஆள் மாறும். எது தூண்டுகிறது என்று சில வாரம் குறித்துப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிட்டு வாட வேண்டாம். வயலில் தேங்கிய தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் கீழிருந்தும் அடிக்கும் என்பதால் தலையில் துண்டு மட்டும் போதாது. துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் எரிச்சல் குறைவாகத் தரும்.

இனி ஒளி சிகிச்சை, அதாவது லேசர் ஒளியையோ ஐபிஎல் என்ற கருவியின் ஒளியையோ முகத்தில் பாய்ச்சுவது. விரிந்த குழாயிலுள்ள ரத்தச் சிவப்பணு ஒளியை உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் குழாய் மூடிக்கொள்ளும், உடம்பு அதை மெல்லக் கரைத்துவிடும். ஆகவே இது தங்கிப்போன சிவப்புக்கும் மெல்லிய குழாய்க் கோடுகளுக்கும் உரியது. பொரிகளுக்கு மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின், அசெலாயிக் அமிலம், தேவைப்பட்டால் டாக்ஸிசைக்ளின் ஆகிய மருந்துகள்தான். லேசர் செய்தால் நோயே போய்விடும் என்று நினைப்பது தவறு. நான்கைந்து முறை, மூன்று நான்கு வார இடைவெளியில் செய்து குறைந்தபின்னும் நாளடைவில் சிவப்பு திரும்பலாம்.

நம் தோலுக்கு இதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். ஐபிஎல் என்பது லேசரே அல்ல, ஏறத்தாழ 500 முதல் 1200 நானோமீட்டர் (ஒளியின் அலைநீள அளவு) வரை பரந்த ஒளி. அதுவும் 532, 595 நானோமீட்டர் லேசர்களும் வெளிர்தோலில் நன்றாக வேலை செய்யும். கருந்தோலில் அளவு தவறினால் சுட்டுவிடும், சுட்ட இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். 1064 நானோமீட்டர் என்டியாக் லேசரை மெலனின் குறைவாக உறிஞ்சும் என்பதால் நம் நிறத்துக்குப் பாதுகாப்பு அதிகம், ஆனால் கைதேர்ந்தவர் இயக்க வேண்டும். எந்தக் கருவி, எத்தனை நானோமீட்டர், இயக்கப்போவது யார் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். முடி நீக்க விற்கும் வீட்டு ஐபிஎல் கருவியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. எல்இடி முகமூடியின் மெல்லிய ஒளி குழாய்களை மூடாது.

வெயிலில் கறுத்த முகத்தோடு ஒளி சிகிச்சைக்குப் போகாதீர்கள். அக்னி நட்சத்திரத்துக்கும் குறுவை நடவுக்கும் பிறகு உடனே வேண்டாம். கறுப்பு இறங்கியபின், கார்த்திகை மார்கழியில் தொடங்கினால் நல்லது. டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டால் வெளிச்சம் தோலைச் சீக்கிரம் சுடும் என்பதால் அதையும், கர்ப்பமாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். கண்ணுக்குக் கவசம் போடாமல் கருவியைத் தொட்டால் எழுந்து வந்துவிடலாம். முடிந்ததும் சில நாள் வீக்கமும் சிவப்பும் இருக்கும், சில லேசரில் ஊதாத் தடங்கள்கூட ஒரு வாரம் பத்து நாள் நிற்கும். வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் தேதி வாங்காதீர்கள்.

எல்லா முறைக்கும் சேர்த்து இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். காதோரம் சின்ன இடத்தில் சோதனையாகப் போடச் சொல்லுங்கள். சில வாரம் பொறுத்து, அந்த இடம் கறுக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு கட்டுங்கள்.